எரிமீன் இரவு

வானினின்று ஒளி சிந்தி வீழ்வதை எரிமீன் என்றும் விண்வீழ்கொள்ளி என்றும் தமிழர் வழங்குவர். பங்குனித் திங்களில் ஒரு நள்ளிரவில் அத்தகைய மீனொன்று வீழக் கண்ட கூடலூர் கிழார், தம் அரசனாகிய யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு யாது நேருமோ என அஞ்சினார். ஏழாம் நாள் அரசன் மறைந்தான். புறநானூற்றின் 229ஆம் பாட்டு இதனைக் கூறுகின்றது. எரிமீன் வீழ்ந்தால் பெரியோர் ஒருவர் மறைவர் என்று அஞ்சும் முதியோர் எங்கள் ஆண்டிமடத்துப் பக்கத்தில் இன்றும் உளர். அவ்வச்சத்தைப் பிள்ளைகளின் நெஞ்சினின்று வெறுஞ் சொல்லால் நீக்குதல் அரிது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் இரவு நல்வாய்ப்பாக அமைந்தது. அமாவாசையை ஒட்டிய நாளாதலின் நிலவின் இடையூறு இல்லை. என் பேரனும் அவன் தோழர் இருவரும் ஒளிப்படக் கருவியுடன் வந்தனர். முந்திரித் தோப்புகளைக் கடந்து, ஊர்விளக்குகளின் ஒளி எட்டாத மேட்டில் பாய் விரித்தோம். கண் இருளுக்குப் பழகக் கால்மணி நேரத்திற்கு மேலாகும்; இடையில் கைப்பேசியைத் திறந்தவன் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் பேரன் மும்முறை தொடங்கினான்!

எரிமீன் தோன்றி மறைவது பெரும்பாலும் ஒரு நொடிக்குள். கண்டபின் விசையை அழுத்திப் பயனில்லை. ஆதலின் கருவியை முக்காலியில் அசையாது நிறுத்தி, வில்லையின் வாயிலை முழுதும் திறந்து, 20 நொடிக்கு ஒரு படமாக இடைவிடாது எடுத்தல் வேண்டும். மிக நீண்ட நேரம் திறந்து வைத்தால், நிலவுலகின் சுழற்சியால் விண்மீன்கள் புள்ளியாக நில்லாமல் கோடாக நீளும். வில்லையில் பனி படியுந்தோறும் மெல்லிய துணியால் ஒற்றினோம். நீர்மீனாயினும் விண்மீனாயினும் வலை விரித்துக் காத்திருப்பதே வழி. பிராகு நகரில் வைனெக் என்பார் 1885ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் எரிமீனை முதன்முதலில் படம் பிடித்தபோதும் இவ்வாறே காத்திருந்திருப்பார்.

விடிவதற்குள் ஐந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தோம். எரிமீன் பதிந்தவை 11. மறுநாள் பேரன், விண்மீன்கள் பொருந்துமாறு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒளிக்கோடுகளைப் பின்னோக்கி நீட்டினான். ஒன்று மட்டும் வேறு வழி வந்த வழிப்போக்கன். ஏனைய பத்தும் புனர்பூசத்தின் அருகே சென்று கூடின! இணையாக ஓடும் இருப்புப்பாதைகள் தொலைவில் கூடுவதுபோல் தோன்றுவதன்றோ? அதுவே இங்கும். 1983ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பேதான் என்னும் சிறுகோள் தன் பாதையில் சிந்திய துகள்களூடே, ஆண்டுதோறும் டிசம்பரில் நிலவுலகம் புகுந்து செல்கின்றது. பெரும்பாலும் மணலளவும் பயற்றளவுமான அத்துகள்கள் நொடிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் விரைவில் காற்றில் பாய்ந்து ஒளிர்கின்றன. “இறப்பை அறிவிக்க வருவதாயின், ஆண்டுதோறும் இதே நாளில், இதே இடத்திலிருந்து வருவானேன்?” என்று பிள்ளைகளே வினவினர். நான் விடை கூற வேண்டியிருக்கவில்லை.

இதனால் கூடலூர் கிழாரை அறியாதவர் என்று கொள்ளலாகாது. திங்கள், இரவுப் பொழுது, உச்சியினின்று சாய்ந்த மீன், எதிரே எழுந்த மீன், மறைந்த மீன், எரிமீன் சென்ற திசை ஆகிய யாவற்றையும் அவர் குறித்துள்ளார். அஞ்சிய நெஞ்சுடன் அத்துணை நுட்பமாகக் காணல் எளிதன்று.

அவ்விரவில் யாம் கண்டவற்றுள் மிகப் பெரிய எரிமீன் தெற்கே வீழ்ந்தது. கருவியோ வடகிழக்கை நோக்கியிருந்தது. “போயிற்றே, தாத்தா!” என்று பேரன் வருந்தினான். “பொழுதையும் திசையையும் எழுதிக்கொள், அப்பா” என்றேன். கைவிளக்கின்மேல் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு, “3 மணி 12 நிமிடம், தெற்கு, பசுமை கலந்த வெண்மை” என்று குறிப்பேட்டில் எழுதினான்.