பஸ்ஸுக்குக் காத்திருக்காத புதுக்கோட்டைப் பெண்கள்!

திருச்சியிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் புதுக்கோட்டை. நேர் நேராக ஓடும் ராஜ வீதிகள், தொண்டைமான் மன்னர் வாழ்ந்த அரண்மனையில் இயங்கும் கலெக்டர் அலுவலகம், பக்கத்தில் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை என்று பார்க்க நிறைய உண்டு. இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. அது சைக்கிள்!

1990-களின் தொடக்கம். மழையை நம்பி வாழும் வறண்ட மாவட்டம். பல கிராமங்களுக்கு பஸ் எப்போதாவதுதான் வரும். குடிதண்ணீர் எடுக்க, கூலி வேலைக்குப் போக, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட... எல்லாவற்றுக்கும் பெண்கள் நடந்தார்கள். இல்லையென்றால், வீட்டு ஆண் வந்து சைக்கிளில் கூட்டிப்போகும் வரை காத்திருந்தார்கள்.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். வெளியே போய்வர முடிந்தால்தான் பெண்களுக்குத் தன்னம்பிக்கை வரும் என்பது அவர் எண்ணம். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்.

முதலில் அறிவொளித் தொண்டர்களான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பிறகு அவர்களே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களில் பயிற்சி நடக்கும். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள் பெண்கள். சைக்கிளுக்கென்றே பாட்டும் எழுதப்பட்டது.

கேலிக்குக் குறைவில்லை. `பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?' என்றார்கள். காதில் வாங்காமல் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் என்ன? ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். `குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே' என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு! பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் ஏறியது. விளைபொருளை விற்கப் போன பெண்கள், பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தை மிச்சப்படுத்தினார்கள். கல் குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என எல்லோரும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள்.

சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பதிவு செய்திருக்கிறார் பத்திரிகையாளர் பி.சாய்நாத். பின்னாளில் தமிழக அரசு பள்ளி மாணவிகளுக்கும், பிறகு மாணவர்களுக்கும் விலையில்லா சைக்கிள் வழங்கியது. இன்று புதுக்கோட்டைச் சாலைகளில் ஸ்கூட்டர்களில் பறக்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களில் பலருடைய அம்மாவோ பாட்டியோ அன்று சைக்கிளில் கால் வைத்தவராக இருக்கக்கூடும்.

`உடம்புக்கு நல்லது, பெட்ரோல் மிச்சம்' என்று இன்று எவ்வளவோ சொல்லியும் நம்மில் பலரது சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது. புதுக்கோட்டையில் அறிவுரையோடு விடவில்லை. கூட நின்று பிடித்துக்கொள்ள ஓர் ஆள், சேர்ந்து பழக நாலு தோழிகள், வாங்கக் கடன், தினமும் போயே ஆகவேண்டிய ஒரு வேலை... இவ்வளவும் இருந்தன.

உங்கள் வீட்டில் யாரையாவது சைக்கிளில் வேலைக்கு அனுப்ப ஆசையா? முதலில் டயருக்குக் காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்து வையுங்கள். ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் அவர் வேலைக்குப் போகும் அதே வழியில் நீங்களும் கூடவே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திங்கள்கிழமை அவர் தனியாகப் போய்விடுவார்!