'வென்ட்' வருவதற்கு முன்னால்

ஆங்கிலம் கற்கும் பிள்ளை 'கோ' என்ற வினையோடு 'எட்' சேர்த்து 'கோயெட்' என்று எழுதினால், நோட்டில் சிவப்பு மை விழும். அந்த மை அங்கே விழக்கூடாது என்பது என் கட்சி. 'கோயெட்' என்ற சொல்லை எந்த ஆசிரியரும் சொல்லித் தருவதில்லை. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அப்படியானால் பிள்ளை அதை ஒப்பிக்கவில்லை, தானே ஆக்கியிருக்கிறது. 'வாக்ட்', 'ப்ளேட்', 'வான்டட்' என்று கேட்டவற்றிலிருந்து, நடந்து முடிந்ததைச் சொல்ல வினையின் கடைசியில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்ற விதியைத் தானே பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறது. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளிடம் படங்களைக் காட்டி, மொழியிலேயே இல்லாத வினைகளைச் சொன்னார். இந்த மனிதனுக்கு 'ரிக்' செய்யத் தெரியும், நேற்று இவன் என்ன செய்தான் என்று கேட்டால், பெரும்பாலான குழந்தைகள் 'ரிக்ட்' என்றார்கள். 'க்ளிங்' என்ற பொய்வினைக்கு 'க்ளிங்ட்' என்றார்கள். பெரியவர்களில் பலரோ 'ஸிங்', 'ஸாங்' நினைவில் 'க்ளாங்' என்று தடம் மாறினார்கள். விதியைக் கெட்டியாகப் பிடித்திருந்தவர்கள் குழந்தைகள்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை முதலில் 'வென்ட்' என்று சரியாகவே சொல்கிறது, பிறகு 'கோயெட்' என்கிறது, அதன் பிறகே 'வென்ட்'டுக்குத் திரும்புகிறது. மதிப்பெண் போட்டால் நடுவில் ஒரு சறுக்கல் தெரியும். ஆனால் முதலில் சொன்ன 'வென்ட்' கேட்டதைத் திருப்பிச் சொன்ன தனிச்சொல். கடைசியில் சொல்வதுதான் 'கோ'வின் இறந்தகாலம்.

விதி தெரிந்தால் மட்டும் போதுமா, விதிவிலக்குகளை யார் கற்பிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த விலக்குகள் ஏன் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்பதில் பதில் இருக்கிறது. 2007இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சிலர், பழைய ஆங்கிலத்தில் 'எட்' விதிக்கு அடங்காதிருந்த 177 வினைகளை நூற்றாண்டுகள் தாண்டிப் பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அடங்காமல் இருந்தன, இன்று 98. அவர்கள் கண்ட கணக்கு அழகானது: நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக விதிக்குள் விழுகிறது. 'ஹெல்ப்' வினைக்கு 'ஹோல்ப்' என்ற இறந்தகாலம் ஒரு காலத்தில் இருந்தது. இன்று சரியாகக் கருதப்படும் 'ஹெல்ப்ட்', பிள்ளைகள் 'கோயெட்' எழுதும் அதே தர்க்கத்தில் பிறந்தது. 'கோ', 'கம்', 'ஸீ', 'ஸே', 'டேக்' தப்பித்தது நாளெல்லாம் வாயில் புழங்குவதால். தமிழிலும் இதுதான் கதை. நன்னூல் த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளை வகுத்துச் சொல்கிறது. ஆனால் வா 'வந்தான்' ஆவதும் சா 'செத்தான்' ஆவதும் இடைநிலையை மட்டும் தெரிந்துகொண்டால் பிடிபடுவதில்லை. அவற்றை யாரும் அட்டவணையில் படித்ததில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அட்டவணைதான் வருகிறது. 'கோ, வென்ட், கான்' என்று மூன்று மூன்றாக ஒப்பிக்கும் பழக்கத்தில் எனக்குள்ள பெரிய குறை அதன் வரிசைதான். அகரவரிசைப் பட்டியலின் தலையில் 'அபைட்' மாதிரி அரிதாகக் காதில் விழும் வினை நிற்கும். அன்றாடம் வேண்டிய 'கோ' எங்கோ நடுவில் கிடக்கும். வீட்டில் ஆங்கிலம் கேட்காத நம் பிள்ளைகளுக்குப் பட்டியலை விட்டால் வேறு வழியேது என்பதுதான் இங்கே வலுவான மறுப்பு. புழக்கத்தால் நிலைத்த சொற்களைப் புழக்கம் இல்லாத பிள்ளையிடம் எப்படி ஒப்படைப்பது? புழக்கத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்துதான். ஆங்கிலக் கதைகள் பெரும்பாலும் இறந்தகாலத்தில்தான் எழுதப்படுகின்றன. எளிய கதையொன்றை உரக்க வாசித்தால் 'ஸெட்', 'வென்ட்', 'ஸா', 'கேம்', 'டுக்' திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒப்பிக்கச் செலவாகும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். திருத்தாமல் விட்டால் பிழை ஊறிவிடாதா என்றால், திருத்தத்தானே வேண்டும். பிள்ளை 'கோயெட்' என்று சொல்லும்போது, "ஓ, அவன் சந்தைக்கு வென்ட்டா, அப்புறம்?" என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிக் கொடுப்பதும் திருத்தம்தான். அதில் விதியைக் கண்டுபிடித்த பிள்ளையின் வாய் அடைபடுவதில்லை.

'கோயெட்' போலவே பிள்ளைகள் எழுதும் 'டிட் நாட் வென்ட்' என்பதைத் தமிழ் மூளையின் பிழை என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ஆங்கிலேயக் குழந்தைகளும் காலத்தை இப்படி இரண்டு இடத்தில் குறிப்பதுண்டு. 'டிட் நாட்' என்ற அமைப்பே ஆங்கிலத்தில் பின்னால் நிலைத்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'டிட்' இல்லாமல் வினைக்குப் பின்னால் 'நாட்' வைத்துச் சொல்வது சாதாரணம். 'டிட்' வந்து காலத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டதும் வினை வெறும் 'கோ'வாக நின்றுவிட்டது. தமிழ் இதற்கு உதவத்தான் செய்யும். 'அவன் போகவில்லை' என்பதில் 'போக' எந்தக் காலத்தையும் காட்டவில்லை. 'போனவில்லை' என்று தமிழ் பேசுகிற யாரும் சொல்வதில்லை. 'டிட் நாட்' வந்தால் 'வென்ட்' ஏன் கூடாது என்று கேட்கும் பிள்ளைக்கு, கரும்பலகையில் 'டிட் நாட் கோ', 'போகவில்லை' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம்.