வடைச் சட்டியும் மோட்டார் வண்டியும்

தேக்கா அங்காடியில் வடை சுடும் கடைக்காரரொருவர், முதல்நாள் சட்டியில் எஞ்சிய எண்ணெயை வடித்துத் தகரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். "அண்ணே, இதையே மறுபடியும் காய்ச்சப் போகிறீர்களா?" என்று வினவினேன். அவர் நகைத்து, "இல்லை தம்பி, இதை எடுத்துப்போக ஆள் வருகிறான்; காசும் கொடுக்கிறான். லாரிக்கு ஊற்றுகிறார்களாம்!" என்றார். அந்த 'ஆம்' என்னும் ஈற்றில் ஒலித்த ஐயத்தைப் போக்கும் பொருட்டே இதனை எழுதப் புகுந்தேன்.

செய்தி மெய்யே, புதியதுமன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ருடால்ஃப் டீசலின் எந்திரம் நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பெற்றது. நிலத்தடி எண்ணெய் மலிவாய்ப் பெருகவே, உலகம் கடலையை மறந்தது.

ஆயினும் சட்டி எண்ணெயை அப்படியே வண்டியில் ஊற்றலாகாது. அது தடிப்பானது, எந்திரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும். வடிகட்டி, நீரகற்றி, மெத்தனால் என்னும் சாராய வகையோடு சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், கிளிசரின் அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதைக் கழுவி எடுத்தால் அதுவே பயோடீசல். மெத்தனால் நஞ்சு, எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் அடுக்களையில் இதனைச் செய்து பார்க்க எவரும் முனையற்க.

லாரி ஓட்டும் என் மைத்துனர் இதைக் கேட்டு, "என்ஜின் போய்விட்டால் யார் மாமா பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்விதான். இவ்வெண்ணெயில் கந்தகம் இல்லையென்றே சொல்லலாம், புகைக்கரி குறையும், எந்திர உறுப்புகள் தேயாமல் வழுவழுப்பும் தரும். குறைகளும் உண்டு. லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் சற்றுக் குறைவு. நைட்ரஜன் ஆக்சைடுகள் சிறிது மிகக்கூடும். பழைய தொட்டியின் அழுக்கைக் கரைத்துக் கிளப்புவதால், முதலில் ஃபில்டர் அடைபடும், மாற்றிவிட வேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் ஊறிக் கெடும். குளிரில் உறையும் தொல்லை மட்டும் நம் தீவிற்கில்லை. இக்காரணங்களால் நூற்றுக்கு இருபது பங்கு வரை சாதா டீசலோடு கலந்து ஊற்றுவதே பலவிடங்களிலும் வழக்கம். சிங்கப்பூரில் 2025 சனவரி முதல் டீசல் கார்களும் டாக்சிகளும் புதிதாய்ப் பதிவு செய்யப்படுவதில்லை. லாரிகளுக்கோ டீசல் இன்னும் வேண்டியிருக்கிறது.

துவாஸில் 2010ஆம் ஆண்டு முதல் நெஸ்டே என்னும் பின்லாந்துக் கம்பெனியின் ஆலை, எச்ச எண்ணெயையும் கொழுப்பையும் ஹைட்ரஜனைக் கொண்டு பதப்படுத்தி வேறொரு வகை டீசல் செய்கிறது. 2023இல் விரிவாக்கப்பட்டபின் அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 26 இலட்சம் டன். கோயில் விளக்கில் எரியும் எண்ணெயைப் புனிதமென்றும், வடைச் சட்டி எண்ணெயை எச்சமென்றும் பிரித்துப் பேசும் நம்மவர், இவ்வாலைக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக!

ஆனால் உலகத்துச் சட்டிகளெல்லாம் சேர்ந்தாலும் உலகத்து வண்டிகளுக்குப் போதா. எனவே கண்கள் செம்பனையின் மேல் திரும்புகின்றன. இங்கேதான் தோட்டத்துத் தோழர்கள் கருத்துச் செலுத்த வேண்டும். மலாயாவில் வாணிபத்துக்கென்று முதன்முதல் செம்பனை நடப்பெற்றது 1917இல், சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் துரை. தோட்டத்தின் பெயரே தமிழாயிருக்க, அங்கு உழைத்தவர் யாவரென்று சொல்லவும் வேண்டுமோ? பின்னாளில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களில், குறைந்த ஆட்களே போதுமென்றாகி, வேலையும் லயத்து வீடும் இழந்து பட்டணம் போந்தோரும் நம்மவரே.

இந்தோனேசியா 2025இல் டீசலோடு 40 விழுக்காடு பனையெண்ணெய் எரிபொருளைக் கலக்கச் சட்டம் செய்தது. முன்பே விளைந்த பனையென்றால் பெருங்குறையில்லை. செம்பனைக்கும் காகித மரத்துக்குமாகக் காட்டையும் கரிநிலத்தையும் அழித்துத் தீ வைத்தாலோ, பல்லாண்டு மண்ணில் அடங்கிய கரியெல்லாம் வானேறும். 2013 சூன் 21 அன்று, சுமத்ராவின் தீப்புகையால் இத்தீவின் காற்று மாசுக் குறியீடு 401ஐ எட்டியது. முகமூடியின்றிச் சிராங்கூன் சாலையில் நடக்கவும் அஞ்சினோம். அந்த எண்ணெயைத் தூய எண்ணெயென்று என் வாயால் சொல்லேன். பொரித்துக் கழித்ததை முதலில் எரிப்போம் என்பதே என் கட்சி.

என் வீட்டிலும் இதுகாறும் முறுக்குச் சுட்ட எண்ணெயைத் தொட்டிக் குழாயில்தான் கொட்டினோம். குழாய் அடைத்து, தண்டமும் அழுதோம். இத்தீபாவளிக்கு இரண்டு புட்டி நிறைய எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனேன்.

"முறுக்கு எண்ணெயா தம்பி? ஊற்றுங்கள், ஊற்றுங்கள்" என்று அவர் தகரத்தின் மூடியைத் திறந்தார்.