வெறுங்கையோடு ஓடும் நிரல்

எங்கள் கல்லூரி லேபில் ஒரே கணினியின் முன்னால் காலையில் இரண்டாம் ஆண்டு, மதியம் இறுதியாண்டு, சாயங்காலம் ஆராய்ச்சி மாணவர் என மாறி மாறி உட்காருவார்கள். எல்லாருக்கும் பைத்தான் வேண்டும். ஆனால் ஆளுக்கொரு பைத்தான் வேண்டும். 2024 ஜூனில் எண் கணக்குப் பேக்கேஜான நம்பையின் 2.0 பதிப்பு வந்தபோது இது சுள்ளென்று உறைத்தது. பழைய நம்பையை வைத்து கம்பைல் செய்த பேக்கேஜ்கள் பல புதியதோடு ஒத்துப்போகவில்லை. சாயங்காலம் ஒருவர் தன் வேலைக்காக நம்பையை உயர்த்திவிட்டுப் போவார். மறுநாள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் இம்போர்ட் வரியிலேயே விழும். "நேத்து ஓடிச்சு சார்" என்பாள் மாணவி. அவள் சொல்வதில் பொய் இல்லை.

பைத்தானின் பழக்கம் அப்படி. ஒரு நிறுவலுக்கு ஒரு பேக்கேஜ் ஃபோல்டர். அதில் ஒரு பெயருக்கு ஒரு பதிப்புதான் இருக்க முடியும். ஜாவாஸ்கிரிப்டின் நோட் உலகத்தில் ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு வேண்டிய பதிப்பைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. அதனால்தான், ப்ராஜெக்டுக்கு ஒரு தனிப் பேக்கேஜ் ஃபோல்டர், அதாவது தனிச் சூழல், தரும் வெர்ச்சுவல்என்வை இயன் பிக்கிங் 2007இல் எழுதினார். அதே எண்ணம் 2012இல் பைத்தான் 3.3க்குள்ளேயே வென்வ் என்ற பெயரில் குடியேறியது.

உள்ளே பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. பைத்தான் கிளம்பும்போது, தன் பக்கத்திலோ ஒரு படி மேலேயோ ஒரு குட்டி உள்ளமைவுக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வெளிப் பேக்கேஜ்களை அந்தச் சூழலின் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். கூடவே வரும் நூலகங்களுக்கு மட்டும் மூலப் பைத்தானிடம் போகும். மாணவர்கள் மந்திரம் போல உச்சரிக்கும் ஆக்டிவேட் கட்டளை செய்வதெல்லாம், அந்த ஃபோல்டரைத் தேடுபாதையின் முன்னால் கொண்டுவந்து வைப்பதுதான். முழுப் பாதையையும் எழுதி அந்தப் பைத்தானை நேரே கூப்பிட்டால் ஆக்டிவேட் தேவையே இல்லை. மனிதர்களுக்கு இது சின்ன விஷயம். சூழல்களை நிரல் வழியாகக் கட்டுபவர்களுக்கு இதுதான் கைப்பிடி.

லேபுக்காக நான் எழுதிய ஸ்கிரிப்ட் செய்வதும் அவ்வளவே. வென்வ் மாட்யூலைக் கூப்பிட்டு ஃபோல்டரை உண்டாக்கும். பிறகு அந்த ஃபோல்டரின் பைத்தானைத் தனிப் ப்ராசஸாக ஓட்டி, அதன் வழியாகப் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப்பை ஏவும். பிப்பை நேராக இம்போர்ட் செய்தால் என்ன என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். பிப்பை எழுதியவர்களே அதற்கு ஒப்புவதில்லை. ப்ராசஸ் முழுவதும் தனக்கே சொந்தம் என்ற நினைப்பில் எழுதப்பட்ட நிரல் அது. தவிர, ஏற்கெனவே நினைவகத்தில் ஏறிவிட்ட ஒரு மாட்யூலை வட்டில் மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது தெரியாது, பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடும் நிரலின் பிழையைத் தேடுவது போன்ற தண்டனை வேறில்லை.

இந்த ஸ்கிரிப்டுக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். பைத்தானோடு வருவதைத் தவிர வேறெதையும் அது இம்போர்ட் செய்யக் கூடாது. சூழலை உண்டாக்க வரும் நிரலின் முதல் வரியிலேயே யாம்ல் படிக்க ஒரு பேக்கேஜ், இணையத்தைத் தொட ஒரு பேக்கேஜ், திரையில் வண்ணம் காட்ட ஒரு பேக்கேஜ் என்று கேட்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். எழுதியவரின் கணினியில் எல்லாம் இருக்கும். புதுக் கணினியில் எதுவும் இருக்காது. புதுக் கணினிக்காகத்தான் அந்த ஸ்கிரிப்டே. பைத்தானுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. ப்ராஜெக்ட் விவரங்களை டாம்ல் வடிவில் எழுதலாம் என்று 2016இல் முடிவெடுத்தார்கள். ஆனால் டாம்லைப் படிக்கும் மாட்யூல் பைத்தானோடு சேர்ந்து வந்தது 2022இல், 3.11 பதிப்பில். இடைப்பட்ட வருடங்களில் பேக்கேஜ் பட்டியலைப் படிக்கவே ஒரு பேக்கேஜ் நிறுவ வேண்டியிருந்தது.

வெறுங்கை என்பதிலும் படிகள் உண்டு. டெபியனும் உபுண்டுவும் வென்வுக்கு வேண்டிய ஒரு பகுதியைப் பிரித்துத் தனியாக வைத்திருக்கின்றன. பைத்தான் இருக்கும், வென்வ் இருப்பதுபோலத் தெரியும், ஓட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 2023இல் வந்த டெபியன் 12இலிருந்து, கணினியின் சொந்தப் பைத்தானில் பிப் கை வைப்பதையும் தடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். எங்கள் பிள்ளைகள் தடையை மீறும் கட்டளையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிக்கொண்டு முன்னேறிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

சூழல் கெட்டால் பழுது பார்க்காதீர்கள், அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள் என்றால் மாணவர்களுக்கு மனசு வராது. அத்தனை நேரம் டவுன்லோட் ஆனது வீணா என்று கேட்பார்கள். ஃபோல்டரை வேறிடத்துக்கு நகர்த்திக் காப்பாற்றவும் முடியாது. உள்ளே இருக்கும் கட்டளைக் கோப்புகளின் முதல் வரியில் பழைய முழுப் பாதை எழுதியிருக்கும். அதனால் காப்பாற்ற வேண்டியது பட்டியலைத்தான்: வெறும் பெயர்கள் போதாது, ஒவ்வொன்றின் பதிப்பு எண், முடிந்தால் கோப்பின் ஹேஷ் வரை. எங்கள் இணையத்தின் வேகத்தை உத்தேசித்து, பேக்கேஜ்களின் வீல் கோப்புகளை ஒரு கணினியில் இறக்கி, லேபுக்குள் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்துவிட்டேன். பிப் வெளியே போகாமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. 2024இல் வந்த யூவி என்ற நிறுவும் கருவி இன்னும் வேகம். ஒருமுறை இறக்கியதை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த சூழல்களுக்கு இணைப்பு மட்டும் போட்டுத் தர அதனால் முடியும். சில நொடியில் திரும்பக் கிடைக்கும் ஒன்றை அழிக்க யாரும் யோசிப்பதில்லை.

இப்போது ஸ்கிரிப்ட் வாரக் கடைசியில் தானாக ஓடுகிறது. தேதியிட்ட புது ஃபோல்டரில் கட்டும். முக்கியமான பேக்கேஜ்களை இம்போர்ட் செய்து பார்க்கும். சரியென்றால் எல்லாரும் பயன்படுத்தும் சிம்லிங்கைப் புதியதன் பக்கம் திருப்பும். பழையது ஒரு வாரம் உயிரோடிருக்கும்.

தனிச் சூழல் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நிறுவும்போதே தம் நிரலை ஓட்டக்கூடிய பேக்கேஜ்கள் இருக்கின்றன. நம் கணக்குக்கு என்ன அனுமதி உண்டோ அதெல்லாம் அவற்றுக்கும் உண்டு. வென்வ் பிரித்து வைப்பது பேக்கேஜ்களை மட்டுமே. மூலப் பைத்தான், அடியில் இருக்கும் சி நூலகங்கள், இயங்குதளம் எல்லாம் பொது. 2012இல் வந்த கோண்டா என்ற கருவி பைத்தானையே ஒரு பேக்கேஜாக்கிக் கொஞ்ச தூரம் இறங்கியது. உட்ரெக்டில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் முனைவர் பட்ட ஆய்வேடாக விரித்தெழுதிய நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளர், கிட்டத்தட்ட அடி வரைக்கும் போகிறது. கற்றுக்கொள்ளப் பொறுமையுள்ளவர்களுக்கு நிக்ஸ்தான் சரி. என் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது.

பழைய மாணவர் ஒருவரின் ப்ராஜெக்டை இந்த வருடம் ஒரு குழு தொடர விரும்பியது. நல்ல நிரல். பட்டியலில் டென்சர்ஃப்ளோ என்று மட்டும் இருந்தது, எண் இல்லை. படித்துப் பார்த்தால் 1.15 காலத்து எழுத்து. அது பைத்தான் 3.7ஐத் தாண்டி ஏறாது, 3.7க்கான ஆதரவு 2023 ஜூனோடு முடிந்துவிட்டது. இருக்கிற பைத்தானை வைத்துத்தான் வென்வ் சூழல் கட்டும், இல்லாத பைத்தானை அதனால் கொண்டுவர முடியாது. கடைசியில் ஸ்கிரிப்டில் ஒரு கிளை சேர்த்தேன்: பட்டியலில் பைத்தான் பதிப்பு 3.7 என்று இருந்தால் கோண்டாவைக் கூப்பிடு. கோண்டா பைத்தானோடு வருவதில்லை, ஆகவே விதி அங்கே ஓட்டையாகிவிட்டது. அந்தக் குழு பட்டம் வாங்கிப் போகும்வரை ஓட்டை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.