முதலில் நகல், பிறகு பழுது

வீட்டுக் கணினியில் வரும் கோளாறுகள் இரண்டு வகை. காசு கொடுத்தால் சரியாகிவிடுபவை ஒன்று. எவ்வளவு கொடுத்தாலும் போனது போனதுதான் என்பவை மற்றொன்று. எஸ்.எம்.பி.எஸ்., ரேம், கீபோர்டு, மானிட்டர், மதர்போர்டு எல்லாம் முதல் வகையில் சேரும். எது கெட்டாலும் புதிதாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்கும் கடையில் கிடைக்கிற பொருள்தான், ஆனால் அதற்குள் இருந்த கல்யாண வீடியோவும், மறைந்துபோன பாட்டியின் குரல் பதிவும், பல வருடக் கணக்கு வழக்கும் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழுது பார்க்க உட்காருகிறவர் இந்த வித்தியாசத்தை மறக்கவே கூடாது. நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால் "ஃபார்மட் போட்டுடலாமா?" என்பதே முதல் கேள்வியாக வருகிறது. சரி என்று தலையாட்டிவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் டி டிரைவில் என்னென்ன இருந்தன என்ற யோசனையே பலருக்கு வருகிறது.

கணினி கிளம்பவே மறுத்தால் மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவர் பிளக், யுபிஎஸ், பவர் கேபிள், எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்புறமுள்ள சிறிய ஸ்விட்ச் என்று வெளியிலிருந்து உள்ளே போவதே சரியான வழி. வேறொரு பிளக்கில் நேரடியாக மாட்டியதும் கணினி ஓடினால், கோளாறு பெரும்பாலும் யுபிஎஸ் பேட்டரியில்தான். எஸ்.எம்.பி.எஸ். என்பது 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி. இந்த அளவுகள் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது ஏடிஎக்ஸ் தரவிதி. அதாவது 12 வோல்ட் என்பது 11.4க்குக் கீழே போகக் கூடாது. வயதான எஸ்.எம்.பி.எஸ். சும்மா இருக்கும்போது நன்றாகவே ஓடும். கேம் விளையாடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ சுமை ஏறியதும் தாக்குப்பிடிக்காமல் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிடும். இந்தப் பழியை விண்டோஸ் மீதும் வைரஸ் மீதும் போட்டு, தேவையே இல்லாமல் ஃபார்மட் செய்யப்பட்ட கணினிகள் நிறைய. சந்தேகம் வந்தால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்ப்பதே சோதனை. பழைய பெட்டியை வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால் முதலில் ரேமைப் பார்க்க வேண்டும். கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, இரு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கும்படி அழுத்தி மாட்டுவது நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாகச் செய்யப்படும் வைத்தியம். தொடுமுனையில் படிந்த அழுக்கு நீங்குவதால் இது பல நேரம் பலிக்கவும் செய்கிறது. தொடுவதற்கு முன் கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டால் போதும். ரேமைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாத சங்கதி, அது பாதி கெட்டிருந்தால் ஹார்ட் டிஸ்க் கெட்டதுபோலவே வேஷம் போடும் என்பது. காப்பி செய்த ஃபைல் திறக்காது, இன்ஸ்டால் பாதியில் நிற்கும், நீலத்திரை வரும். அந்த நிலையில் டிஸ்கைச் சரிசெய்யும் மென்பொருளை ஓட்டினால், கெட்ட ரேம் வழியாகத் தவறான தகவல் நல்ல டிஸ்கில் எழுதப்பட்டுவிடும். அதனால் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, ரேம்மீது குற்றமில்லை என்று தெரிந்துகொண்டு மேலே போவது நல்லது.

தினமும் தேதி பழைய வருடத்துக்கே போய் நிற்பது மிகச் சிறிய கோளாறு. மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தெரியும், உடனே வங்கித் தளம் திறக்கவில்லை என்று இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போகும். தூசி அடைத்துச் சூடேறி தானாக அணைவதும் இதே ரகம்தான். சுத்தம் செய்து, பிராசசர்மேல் புது பேஸ்ட் தடவினால் தீர்ந்துவிடும்.

இனி டிஸ்க். ஹார்ட் டிஸ்கின் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. படிக்கும் தலை அந்தத் தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியில் எழும் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியும், ஒரு விரல்ரேகையும் அந்தத் தலைக்கு மலை. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கைத் தட்டுவதும் நகர்த்துவதும் ஏன் ஆபத்து, மூடியைத் திறந்து பார்ப்பது ஏன் கூடவே கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

டிஸ்க் 'டிக்... டிக்...' என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டால் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது. யுஎஸ்பி வழியாக மின்சாரம் எடுக்கும் 2.5 அங்குல டிஸ்குக்கு கேபினட்டின் முன்பக்க போர்ட்டிலிருந்தோ, மலிவான நீளக் கேபிளிலிருந்தோ போதுமான மின்சாரம் கிடைக்காவிட்டாலும் இதே ஓசைதான் வரும். ஒரே ஒரு முறை, நல்ல குட்டைக் கேபிளில், பின்பக்க போர்ட்டில் மாட்டிப் பார்க்கலாம். அப்போதும் தட்டினால் உடனே கழற்றிவிட வேண்டும். அடிபட்ட தலையோடு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேற்பூச்சைச் சுரண்டி எடுக்கக்கூடும். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற யோசனை இன்னும் சொல்லப்பட்டு வருகிறது. குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அந்த ஈரத்தின்மேல் தலை ஓடும். கொஞ்சநஞ்சம் இருந்த வாய்ப்பும் அதோடு போய்விடும். அதே மாடல் டிஸ்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டும் வித்தை பழைய டிஸ்குகளில் பலித்ததுண்டு. பிற்காலத்தில் வந்தவற்றில் அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள சிப்பில் பதிந்திருப்பதால் வெறுமனே மாற்றினால் ஓடாது.

ஓசை எதுவும் இல்லை, ஆனால் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் கணினி உறைகிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. இதுதான் வீடுகளில் அதிகம் காணப்படும் நிலை. படிக்க முடியாத செக்டார் (தட்டில் தகவல் பதியும் சிறு பகுதி) ஒன்றை டிஸ்க் விடாமல் மறுபடி மறுபடி படிக்க முயல்வதால் வரும் தாமதம் அது. இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஸ்மார்ட் பதிவைப் பார்ப்பது. தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் வசதி எல்லா டிஸ்கிலும் உண்டு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நீண்ட பட்டியல் வரும், அதில் நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். 05 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின் கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும், இருக்கும் எண் வாராவாரம் ஏறுகிறது என்றால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும் வழக்கம் உள்ளது, அங்கே 10 என்று தெரிவது உண்மையில் 16. நான்காவது வரி சி7. இது ஏறினால் பெரும்பாலும் தவறு டிஸ்கில் இல்லை, சாட்டா கேபிளில் இருக்கிறது. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் குறையாது, மேலும் ஏறாமல் நிற்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கேபிளை மாற்ற வேண்டிய இடத்தில் முழு டிஸ்கையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்மார்ட் பதிவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. கூகுள் நிறுவனம் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கண்காணித்து 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையற்ற டிஸ்கைவிட 39 மடங்கு அதிகம். அதே ஆய்வில், இறந்த டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேலானவை, வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், எந்த ஸ்மார்ட் அறிகுறியையும் முன்கூட்டிக் காட்டவில்லை. ஆகவே ஸ்மார்ட் 'கெட்டது' என்றால் அப்படியே நம்பலாம். 'நல்லது' என்றால் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பலர் தவறும் இடம் இதற்கு அடுத்தது. டிஸ்கில் பிழை என்றதும் செக்டிஸ்கை ஓடவிடுகிறார்கள். விண்டோஸின் இந்தக் கருவி சரிசெய்வது ஃபைல்களின் அட்டவணையை. இணைப்பு அறுந்த துண்டுகளைச் சேகரித்து ஃபவுண்ட் 000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாத கோப்புகளாகக் குவித்துவிடும். அதன் பார்வையில் அட்டவணை சுத்தமாகிவிட்டது, வீட்டுக்காரர் பார்வையில் படங்கள் காணாமல் போய்விட்டன. '/ஆர்' என்று சேர்த்து ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும். மூச்சுத் திணறும் நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது அது. ஆரோக்கியமான டிஸ்கில், கரண்ட் போனதால் வந்த குழப்பத்துக்கு செக்டிஸ்க் நல்ல மருந்து. ஸ்மார்ட் எண்கள் ஏறிய டிஸ்கில், உள்ளே இருப்பதை வெளியே எடுத்து முடிக்கும்வரை அதைத் தொடக்கூடாது.

எடுப்பதிலும் வரிசை முக்கியம். திரும்பக் கிடைக்காதவை முதலில், அவற்றிலும் அளவில் சிறியவை முன்னால். குடும்பப் படங்கள், பத்திர நகல்கள், கணக்குகள் வந்த பிறகு வீடியோக்கள். சினிமாவும் பாட்டும் வேறெங்கும் கிடைக்கும், அவை கடைசியில் இருக்கட்டும். விண்டோஸில் காப்பி போட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டு நிற்கும். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி அப்படியில்லை. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், பிறகு அவற்றுக்குத் திரும்பி வரும். எதுவரை படித்தோம் என்ற வரைபடத்தையும் எழுதிவைப்பதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்ற அறிவிப்பு வந்தால் கேன்சல் கொடுக்க வேண்டும். அட்டவணை சிதைந்திருந்தாலும் உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இரண்டும் இலவசமாகவே அதை மீட்டுத் தரக்கூடியவை. ஃபோட்டோரெக் மீட்கும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது என்பது மட்டுமே குறை. மீட்டதை வேறொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும்.

எஸ்எஸ்டியின் கதை வேறு. அதில் சுற்றும் தட்டு இல்லை, ஓசை இல்லை, பல நேரம் முன்னறிவிப்பும் இல்லை. நேற்றுவரை ஓடியது இன்று பயாஸிலேயே தெரியாமல் போகலாம். சில மாடல்கள் ஆயுள் முடியும்போது எழுத விடாமல் படிக்க மட்டும் விடும், அதுதான் நகல் எடுக்கக் கடைசி வாய்ப்பு. தெரியாமல் அழித்த ஃபைலை ஹார்ட் டிஸ்கில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் அது அரிது. விண்டோஸ் 7 தொடங்கி, அழிக்கப்பட்ட இடத்தைக் காலி செய்யும்படி டிரிம் என்ற கட்டளை தானாகவே போய்விடுகிறது. வேகத்துக்காக எஸ்எஸ்டி வாங்கியவர்கள் நகலெடுப்பதில் முன்னைவிடக் கவனமாக இருக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் கேபினட்டோடு டிஸ்கும் மூழ்கியது. வெயிலில் காயவைத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் இயல்பாகத் தோன்றும் யோசனை, டிஸ்கைக் கொல்வதும் அதுதான். காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரம் காயாமல் உறையில் போட்டு, மின்சாரமே காட்டாமல், தூசியில்லாத அறை வசதி கொண்ட மீட்பு நிறுவனத்திடம் சேர்த்தால் வாய்ப்பு உண்டு. அங்கே ஆகும் செலவு புது டிஸ்கின் விலையைப் போலப் பல மடங்கு.

அந்தச் செலவைத் தவிர்க்கும் முறையை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் 3-2-1 என்று சுருக்கிச் சொன்னார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டிலோ ஒன்று என்றால் கணக்கு சரி. எக்ஸ்டர்னல் டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருப்பது நகலாகாது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த வாரமே அந்த டிஸ்கை ஒருமுறை செருகி, பழைய படம் ஒன்றையும் ஆவணம் ஒன்றையும் திறந்து பார்க்கட்டும். திறக்கவில்லை என்றால், மூலம் நன்றாக இருக்கும்போதே இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.