ஒன்பது நெல்

சென்ற தவணையின் கடைசி இரவில், எங்கள் ஆசிரியர் விடுதியில் எழுந்த கூச்சலைக் கேட்டு, அயல்வீட்டுப் பெரியவரொருவர் டோர்ச் விளக்குடன் படலையடிக்கு வந்துவிட்டார். “என்ன பிள்ளையள், ஆரும் அடிபடுகினமோ?” என்று அவர் கேட்டபோது எங்களுக்கு நாணமாயிருந்தது. நாங்கள் நால்வரும் அடிபடவில்லை, வியாபாரம் செய்துகொண்டிருந்தோம்.

அது ஒரு கடதாசி விளையாட்டு. கணிதம் கற்பிக்கும் நண்பர் அதை எங்கோ பழகிவந்து எங்களுக்கும் பழக்கிவிட்டார். அச்சடித்த கட்டு எங்களிடம் இல்லை. பழைய அப்பியாசக் கொப்பிகளின் மட்டைகளை வெட்டி நாமே எழுதிக்கொண்டோம். மூல விளையாட்டிலே கோதுமை, வாற்கோதுமை, சோளம் என்றிருந்தவை எம் கையில் நெல், செத்தல் மிளகாய், வெங்காயம், உழுந்து என மாறின.

விதிகள் எளியவை. எத்தனை பேர் ஆடுகிறார்களோ அத்தனை பண்டங்கள். பண்டமொன்றுக்கு ஒன்பது கடதாசிகள். கலைத்துப் பங்கிட்டபின் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பண்டத்தின் ஒன்பதையும் தம்வசப்படுத்த முயல வேண்டும். முறைவைத்து ஆடுதல் என்பது இங்கு கிடையாது. வேண்டாத கடதாசிகளில் ஒரே வகையான ஒன்று முதல் நான்கு வரை எடுத்து, கவிழ்த்துப் பிடித்தபடி, எண்ணை மட்டும் உரத்துக் கத்த வேண்டும். “இரண்டு! இரண்டு!” என்று கத்துபவனோடு, தன்னிடமும் இரண்டை வைத்திருப்பவன் மாற்றிக்கொள்வான். எல்லோரும் ஏககாலத்தில் கத்துவார்கள். பண்டத்தின் பெயரைச் சொல்வது மட்டும் குற்றம். ஒன்பதையும் சேர்த்தவன் மணியை அடிப்பான். எங்களிடம் மணி இல்லாமையால் தேநீர்த் தட்டத்தில் கரண்டியால் அடித்தோம். மூல விளையாட்டிலே கோதுமைக்கு நூறு புள்ளி. நாங்கள் அந்த நூறையும் நெல்லுக்குக் கொடுத்தோம். ஐந்நூறை முதலில் எட்டுபவன் வென்றவன்.

ஓர் ஆட்டம் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். வெறும் அமளி என்று பார்ப்பவன் நினைப்பான். ஆனால் அந்த அமளிக்குள்ளேதான் சூழ்ச்சி இருக்கிறது. யார் எதைக் கைவிடுகிறான், நாம் கொடுத்தது யார் கைவழியாக எம்மிடமே திரும்பி வருகிறது என்பதைக் கண் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வாய் மட்டும் கத்திக்கொண்டிருக்க வேண்டும்.

அன்றிரவு என் கையிலே எட்டு நெல் சேர்ந்திருந்தன. எஞ்சிய ஒன்று விவசாயம் கற்பிக்கும் நண்பரிடம் இருந்தது. அவர் “ஒன்று!” என்றார். நானும் “ஒன்று!” என்று பாய்ந்து ஒரு வெங்காயத்தைக் கொடுத்து நெல்லை வாங்கினேன். தட்டத்தை நான் அடித்த அடியில் தேநீர்க் கோப்பையொன்று உருண்டு விழுந்தது. பட்டம் பெற்ற நாளில்கூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த நண்பர் இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் கமக்காரர் ஒருவரின் மகன். கையிலிருந்த கடதாசிகளை மெல்ல மேசையில் வைத்தார்.

“சேர், ஒன்பது நெல்லையும் பிடிச்சிட்டியள். ஆனா இவ்வளவு நேரமும் நெல்லெண்டு ஒருத்தரும் ஒருக்காலும் வாய்திறந்து சொல்லேல்லை. கவனிச்சனீங்களே?”

நாங்கள் சிரித்தோம். பெயரைச் சொல்லாமை இவ்விளையாட்டின் விதிதானே என்று கணித ஆசிரியர் விளக்கினார். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

இவ்விளையாட்டின் பெயர் ‘பிட்’. குழி என்பது பொருள். 1904 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பார்க்கர் பிறதர்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. சிக்காகோ நகரின் தானியச் சந்தையில், படிகள் சூழ்ந்த குழிகளிலே நின்று வியாபாரிகள் கைகளை அசைத்துக் கூவி வாங்கி விற்ற காட்சியே இதன் பிறப்பிடம். அவர்களிற் பலர் தாம் விற்ற கோதுமையைக் கண்ணாலும் கண்டதில்லை. 1955 இல் அதே நகரில் இரு வியாபாரிகள் வெங்காயத்தை ஏறக்குறைய முழுவதும் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். பின்பு விலை விழும் என்று பந்தயம் கட்டிவிட்டு, சேர்த்த சரக்கைச் சந்தையிற் கொட்டினர். 1956 மார்ச்சில் ஐம்பது இறாத்தல் மூடையொன்றின் விலை பத்துச் சதத்துக்கு விழுந்தது. வெங்காயத்தைவிட வெறும் சாக்கு விலை கூடியதாயிற்று. பயிரிட்டோர் பலர் நொடித்துப்போயினர். 1958 இல் வெங்காயத்தில் இத்தகைய முன்பேர வியாபாரத்தை அந்நாட்டின் சட்டமே தடைசெய்தது. சிக்காகோவின் குழிகளிற் பெரும்பாலானவை 2015 இல் மூடப்பட்டன. கூச்சல் கணினிக்குள் சென்று அடங்கியது. வியாபாரம் அடங்கவில்லை.

அரிசியின் விலை என்பது எம் நாட்டில் வெறும் எண்ணாக ஒருபோதும் இருந்ததில்லை. 1953 இல் கூப்பன் அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாட்டின் உழைக்கும் மக்கள் ஹர்த்தால் செய்தனர். பிரதமர் பதவி விலக நேர்ந்தது. அந்த வரலாற்றை மாணவருக்கு நான் உணர்ச்சியுடன் சொல்வதுண்டு. 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நண்பரின் தந்தையாருடைய வயலில் கதிர் மஞ்சளித்து நின்றதை நானே போய்ப் பார்த்தேன். அவரைப் போன்றோர், கடன்காரனுக்கு அஞ்சி, அறுவடை நாளிலேயே மலிந்த விலைக்கு நெல்லைக் கொடுத்துவிட்டு, மாரி வரும்போது அரிசிக்குக் கடைவாசலில் நிற்பவர்கள். எங்கள் மேசையைச் சுற்றி நான்கு கதிரைகள் இருந்தன. அவருக்கென்று ஒரு கதிரை இருக்கவில்லை.

“அப்படியெண்டா ஒருக்கால் பேரைச் சொல்லி விளையாடிப் பாப்பம்” என்றார் நான்காமவர்.

ஆடினோம். “இரண்டு மிளகாய்!” “ஒரு உழுந்து!” கூச்சல் விரைவிலேயே குறைந்தது. யார் எதைச் சேர்க்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரிடம் எட்டு நெல் குவிந்துவிட்டது என்று அறிந்தபின் ஒன்பதாவதை எவர்தாம் கொடுப்பார்? தட்டத்தை அடிக்க ஒருவராலும் முடியவில்லை. கால்மணி நேரம் முயன்றுவிட்டுக் கடதாசிகளை மேசையிற் போட்டோம். எவர் வசம் எவ்வளவு இருக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தால் பதுக்கல் அங்கேயே நின்றுவிடுகிறது என்பதை, எத்தனையோ கூட்டங்களிற் பேசிய நான், அந்த மட்டைத் துண்டுகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அப்போதுதான் என் நெஞ்சில் நெடுநாளாய்க் கவிழ்ந்து கிடந்த கடதாசியொன்றை நான் திருப்ப வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில், மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் மக்கள் வெயிலில் வரிசையாய் நின்ற நாட்களில், இதே விடுதியில், என் கட்டிலின்கீழ் இரண்டு மூடை அரிசி இருந்தது. தெரிந்த கடைக்காரர் பின்கதவால் தந்தது. விலை ஏறுமுன் வாங்கிவிட்டேன் என்ற பெருமை அன்று எனக்கிருந்தது. இதே நண்பர்கள் இரவில் பாண் துண்டோடு படுத்ததை அறிந்தும் நான் வாய்திறக்கவில்லை. முதலாளி வர்க்கத்தின் பதுக்கலைக் கண்டித்து அந்த மாதமே ஒரு கட்டுரையும் எழுதியிருந்தேன்.

சொல்லி முடித்தேன். ஒருவரும் பேசவில்லை. பின்பு விவசாய ஆசிரியர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “எங்களுக்குத் தெரியும் சேர். உங்கடை அரிசி வண்டு சுவர் கடந்து என்ரை அறைக்கும் வந்தது.”

சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அவர்களைப் போல் என்னால் சிரிக்க முடியவில்லை. அறிந்திருந்தும் இத்தனை காலம் அவர்கள் என்னோடு ஒரே மேசையில் உண்டிருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்னும் கடன்பட்டவன்.

நாங்கள் அந்த விளையாட்டைக் கைவிடவில்லை. இந்தத் தவணையிலும் தட்டம் ஒலிக்கிறது. பெரியவரும் சில இரவுகளில் வந்து வேடிக்கை பார்க்கிறார். பண்டத்தின் பெயரைச் சொல்லாமற்றான் ஆடுகிறோம். அப்படி ஆடினால்தான் ஆட்டம் சுவைக்கிறது. ஆனால் விடுதிக்கு அரிசி இப்போது பொதுவில் வாங்கப்படுகிறது. மூடை சமையலறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. எத்தனை கொத்து எடுத்தோம் என்பதைச் சுவரில் தொங்கும் கொப்பியில் எழுதுகிறோம். முதல் வரியை எழுதியவன் நான்.