பட்டறை உள்ள கடை

பனிச்சறுக்கு என்றதும் நம்மவர்கள் மனதில் வருவது கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போகும் நாற்காலியும், அதிலிருந்து இறங்கி வழுக்கிக்கொண்டு வரும் கலர் கலர் உடைகளும்தான். நான் சொல்ல வருவது நாற்காலி இல்லாத வகை. மலை மேலே போக வேண்டுமா, நடந்து போ. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஏறி, பத்து நிமிஷத்தில் இறங்கிவிடுவது. "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் உருப்படியான பதில் கிடையாது.

வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் எப்படி நடப்பது? பூனையைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் ரோமம் கையைத் தடுக்கும். அந்தக் கணக்குதான். ஸ்கீயின் அடியில் ஒட்டுவதற்கு நீளமான பட்டை ஒன்று உண்டு, பெயரே 'ஸ்கின்'. ஒரு காலத்தில் நிஜமாகவே கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கோரா ஆட்டு ரோமமோ நைலானோ. முன்னால் தள்ளினால் நகரும், பின்னால் சறுக்காது. உச்சியில் பட்டையை உரித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பையில் வைத்தால் குளிரில் பசை விறைத்துவிடும், அடுத்த ஏற்றத்தில் ஒட்டாது.

நான் இருப்பது சால்ட் லேக் சிட்டியில். வேலைக்காக வந்த ஊர். வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டத்தில், உலகமே தேடி வரும் பனி கிடக்கிறது என்று. வாசாட்ச் மலைத்தொடரில் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் ஆல்டாவில் சாதாரண வருஷத்திலேயே ஐந்நூறு அங்குலத்துக்கு மேல் பெய்யும். 2022-23 குளிர்காலத்தில் 903 அங்குலம், அதாவது இருபத்திரண்டு மீட்டரைத் தாண்டி. ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம். அந்த வருஷம் மலைக்குப் போகும் சாலை மூடுவதும் திறப்பதுமாகவே போனது.

ஊருக்குள் இந்த மலையேற்றச் சறுக்கலுக்கென்றே ஒரு சின்னக் கடை இருக்கிறது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, விளம்பரம் ஆகிவிடும். முன்பக்கம் குறுகலானது. இரண்டு சுவரில் ஸ்கீக்கள், நடுவில் பூட் அலமாரி, ஒரு நீள பெஞ்ச். கடையின் பாதிக்கும் மேல் பின்பக்கத்துப் பட்டறைதான். மெழுகு உருகும் வாசனை, அரம் தேய்க்கும் சத்தம். கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். அதிகம் பேச மாட்டார். உள்ளே போனதும் "என்ன வேணும்?" என்று கேட்பதில்லை. "எங்கே போனீங்க? பனி எப்படி இருந்தது?" என்றுதான் ஆரம்பிப்பார். முதலில் அதை உபசாரம் என்று நினைத்தேன். தகவல் சேகரிப்பு என்று பிறகுதான் புரிந்தது. காலையிலிருந்து வந்த பத்துப் பேரிடமும் கேட்டுவைத்ததைப் பதினோராவதாக வருபவனுக்குச் சொல்லுவார்.

இந்த விளையாட்டில் பணம் எங்கே போனாலும், உயிர் இருப்பது பூட்டில். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த கால் என்னுடையது. முன்பாதம் விசிறி மாதிரி விரிந்தது, குதிகால் ஒடுங்கியது. ஐரோப்பியக் கம்பெனிகள் மனதில் வைத்திருக்கும் கால் இது இல்லை. கடைக்காரர் முதலில் பூட்டின் உள்ளுறையை உருவி எடுத்துவிட்டார். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச் சொன்னார். விரல் முன்னால் இடிக்கும்படி நிற்க வேண்டும், குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். பூட் அளவே சென்டிமீட்டரில்தான், கால் நீளம் 27 என்றால் பூட்டும் 27. 27க்கும் 27.5க்கும் பெரும்பாலும் ஓடு ஒன்றேதான் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அரை அளவு கூட்டி வாங்கினால் தாராளமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

பிறகு உள்ளுறையை அடுப்பில் சூடாக்கி, விரல் நுனியில் ஒரு தொப்பி மாட்டி, பூட்டுக்குள் காலை இறுக்கிப் பத்து நிமிஷம் நிற்க வைத்தார். உறை ஆறும்போது காலின் வடிவம் அதில் இறங்கிவிடும். அப்படியும் சுண்டுவிரல் அடியில் எலும்பு இடித்தது. அங்கே மார்க்கரால் புள்ளி வைத்து, ஓட்டைச் சூடாக்கி, உள்ளிருந்து ஒரு குமிழால் வெளியே தள்ளினார். இதில்தான் கை பழக வேண்டும். எடை குறைக்க மெல்லிசாகச் செய்த பிளாஸ்டிக், சூடு கூடினால் சுருங்கிக் கெட்டுவிடும், குறைந்தால் மறுநாள் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அவரே, "இன்னும் ரெண்டு மில்லிமீட்டர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டார். பூட்டுக்குக் கொடுத்த விலைக்கு மேல் ஒரு சென்ட் கேட்கவில்லை.

பைண்டிங் என்பது பூட்டையும் ஸ்கீயையும் பிணைக்கும் இரும்பு. ஏறும்போது குதிகால் தூக்க வர வேண்டும், இறங்கும்போது பூட்டிக்கொள்ள வேண்டும், விழுந்தால் கால் உடைவதற்கு முன் தானே விட்டுவிட வேண்டும். 1980களில் ஆஸ்திரியாக்காரர் ஃப்ரிட்ஸ் பார்தெல், கனமான சாமான்களைக் காலில் இழுத்து அலுத்துப்போய், முன்னால் இரண்டு ஊசி, பின்னால் இரண்டு ஊசி என்று ஒரு பைண்டிங்கைச் செய்தார். பிறகு டைனாஃபிட் நிறுவனம் அதை விற்றது. இன்று மலையில் பார்க்கும் பைண்டிங்குகளில் முக்கால்வாசி அதன் வாரிசுகள். உள்ளங்கையில் அடங்கும். அதைப் பொருத்த ஸ்கீயில் துளை போட வேண்டும். ஒன்பது மில்லிமீட்டர் ஆழம் வழக்கம். கூடினால் அடிப்பக்கம் வீங்கும். பக்கவாட்டில் தப்பினால் பூட் ஊசியில் நேராக உட்காராது. எழுநூறு டாலர் ஸ்கீயில் போட்ட துளையை அழிக்க முடியாது. கடைசியில் குதிகாலுக்கும் பைண்டிங்குக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியை அளவுத்தகடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். இதை வீட்டு மேஜையில் தாங்களே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் கை அப்படிப்பட்டது இல்லை.

ஆபீஸில் ஒரு தம்பி, திருச்சிக்காரன். இதில் ஆசை வந்து என்னோடு கடைக்கு வந்தான். ஒரு மணி நேரம் நாலு பூட் மாட்டிப் பார்த்தான். வெளியே வந்து கார் ஏறியதும் போனைக் காட்டினான்.

"அண்ணா, இதே பூட், நூத்தம்பது டாலர் கம்மி. ஆர்டர் போட்டுடவா?"

"அளவு பார்த்தது யாரு?"

"அவர் கடை வச்சிருக்கார், பார்த்தார். அவர் வேலை அது. நான் என்ன அவருக்குக் கடன்பட்டிருக்கேனா?"

கேள்வி நியாயமானதுதான். உள்ளூர்க் கடை என்றாலே புனிதம் என்று நான் நம்பவில்லை. இன்று அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் ஆர்.இ.ஐ. கூட்டுறவு நிறுவனத்தின் கதையே இதற்கு நேர்மாறு. 1930களில் சியாட்டிலில் லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் தம்பதி நல்ல பனிக்கோடாலி தேடினார்கள். உள்ளூரில் விலை கட்டுப்படியாகவில்லை, ஆஸ்திரியாவிலிருந்து தபாலில் வரவழைத்தார்கள். நண்பர்களும் கேட்க, 1938இல் இருபத்து மூன்று பேர் சேர்ந்து கூட்டுறவு ஆரம்பித்தார்கள். உள்ளூர்க் கடையைத் தவிர்க்கப் பிறந்த நிறுவனம் அது. ஆகவே, மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குகிறவனைத் திட்ட எனக்கு வாய் வராது. எங்கள் தெரு அண்ணாச்சி கடையும் ஒரு காலத்தில் சந்தைக்குப் போட்டியாக வந்ததுதானே.

நான் தம்பியிடம் பேசியது நன்றியைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. கடைக்காரர் அடுத்த குளிர்காலத்துச் சரக்கை இந்தக் குளிர்காலம் முடியும் முன்பே ஆர்டர் கொடுத்துவிடுகிறார். பனி பெய்யுமா, எத்தனை 26, எத்தனை 28 போகும் என்று எதுவும் தெரியாமல். பனி பொய்த்தால் சரக்கு அப்படியே நிற்கும், வசந்தத்தில் தள்ளுபடியில் தள்ள வேண்டும். இணையக் கடைக்கும் இதே பாடுதான், ஆனால் அதற்குப் பனி பெய்யும் வேறு மாநிலம் இருக்கிறது. வரி விஷயத்தில்கூட 2018இல் உச்ச நீதிமன்றம் 'வேஃபேர்' வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை, வெளிமாநிலத்திலிருந்து விற்ற பலர் விற்பனை வரியை வசூலிக்காமலே இருக்க முடிந்தது. கடைக்காரர் முதல் நாளிலிருந்தே வசூலித்துக் கட்டியவர்.

"உனக்கு இடிச்சா பார்சலில் திருப்பி அனுப்புவே. அடுத்தது வரும், அதுவும் இடிக்கும். சுண்டுவிரல் பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளணும்னு எந்த பார்சலும் சொல்லாது" என்றேன். அவன் சிரித்தான். ஆர்டர் போட்டானா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவனே கடைக்குத் தனியாகப் போயிருக்கிறான்.

அது 2020 டிசம்பர். மார்ச்சில் கொரோனா வந்து ரிசார்ட்டுகளை மூடியதிலிருந்து ஜனங்களுக்கு மலைமேல் தாங்களே ஏறும் ஆசை பிடித்துக்கொண்டது. கடைகளில் ஸ்கின் இல்லை, பைண்டிங் இல்லை. கடைக்காரருக்கு வாழ்நாளில் பார்க்காத வியாபாரம். அந்த நேரத்தில் தம்பி பூட், ஸ்கீ, பைண்டிங் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லி, கார்டை நீட்டியிருக்கிறான். அவர் கார்டை வாங்கவில்லை.

"பீக்கன் இருக்கா?"

"அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்."

"யார்கூடப் போறீங்க?"

"தனியாத்தான், முதல்ல சும்மா பக்கத்துல..."

பீக்கன் என்பது மார்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ரேடியோ. எந்தக் கம்பெனியுடையதானாலும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசும். பனிச்சரிவில் புதைந்தவனை மேலே இருப்பவன் அதை வைத்துத் தேட வேண்டும், நீளக் கழியால் குத்திப் பார்த்து, மடக்கு மண்வெட்டியால் தோண்ட வேண்டும். சுவிட்சர்லாந்துத் தரவுகளை வைத்து 1994இல் வந்த ஆய்வு ஒன்று, முழுதாகப் புதைந்தவர்களைப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்றது. முப்பத்தைந்து நிமிஷத்தில் அது பத்தில் மூன்று. உதவி கேட்டு ஹெலிகாப்டர் வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். கூட வந்தவன்தான் ஆம்புலன்ஸ். கூட யாருமே இல்லையென்றால் பீக்கன் இருந்தும் பயனில்லை.

கடைக்காரர் சொன்னாராம்: "எல்லாத்தையும் உங்க பெயர் எழுதி உள்ளே வைக்கிறேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன். வகுப்புக்குப் போயிட்டு வாங்க." யூட்டா பனிச்சரிவு மையத்தின் 'நோ பிஃபோர் யூ கோ' இலவச வகுப்பைத்தான் சொன்னார். வழக்கமான வருஷங்களில் இம்மாதிரிக் கடைகளிலேயே நாற்காலி போட்டு நடக்கும், அந்த வருஷம் திரையில். அதோடு இரண்டு நாள் களப்பயிற்சியும் முடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

தம்பிக்குக் கோபம். "காசு கொடுக்கறேன், விக்க மாட்டேங்கறார். நீங்க இவரைத்தான் கொண்டாடுறீங்களா?"

ஜனவரி முழுக்க முனகிக்கொண்டே வகுப்புக்குப் போனான். அந்த வருஷம் ஆரம்பத்தில் விழுந்த பனி, மேலே புதுப் பனி வராமல் வாரக்கணக்கில் கிடந்து, சர்க்கரைப் பரல் மாதிரி ஆகியிருந்தது. பிறகு அதன் மேல் கனத்த பனி வந்து உட்கார்ந்தது. பரல் மேல் வைத்த பலகை மாதிரி எப்போது வேண்டுமானாலும் நழுவும். பிப்ரவரி 6ஆம் தேதி, மில்க்ரீக் பள்ளத்தாக்கின் வில்சன் கிளேடில் சரிவு விழுந்து நான்கு பேர் இறந்தார்கள்.  இறந்தவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்ல, கூடப் பிழைத்தவர்கள்தான் தோண்டினார்கள். அந்தப் பருவத்தில் அமெரிக்கா முழுக்க 37 பேர் பனிச்சரிவில் போனார்கள்.

வகுப்பு தம்பியைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. அவன் அன்றைக்கு எங்கே போயிருப்பான் என்பது யாருக்குத் தெரியும்? மறுநாள் பேசாமல் இருந்தான். செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் பீக்கன், கழி, மண்வெட்டி மூன்றையும் முழு விலைக்கு வாங்கினான். உள்ளே அவன் பெயர் எழுதிய மற்ற சாமான்கள் அப்படியே இருந்தன. நாட்டில் ஒரு ஜோடி பைண்டிங்குக்கு ஆள் அலைந்துகொண்டிருந்த இரண்டு மாதம், கடைக்காரர் அதை விற்காமல் வைத்திருந்தார்.

இப்போதும் நான் எல்லாவற்றையும் அவரிடம் வாங்குவதில்லை. கையுறை, சாக்ஸ், கண்ணாடி எல்லாம் எங்கே மலிவோ அங்கே. அவருக்கும் தெரியும், என் கையுறையைப் பார்த்து "எவ்வளவு?" என்று கேட்டு, "பரவாயில்லையே" என்பார். பூட், பைண்டிங், பீக்கன் அவரிடம்தான். பழைய ஸ்கீயைக் குப்பையில் போடாமல் அவர் கையில் கொடுத்துவிடுவேன், பட்டறைப் பையன் அதில் துளை போட்டுப் பழகுகிறான். அந்தப் பெண்ணும்தான், சென்ற வருஷம் ஒரு கல்லூரி மாணவி சேர்ந்திருக்கிறாள். பூட் தள்ளுவதில் அவள் கை அவரைவிட நிதானம்.

கட்டட வாடகை ஏறிக்கொண்டே போகிறது. குத்தகை அடுத்த வருஷம் முடிகிறதாம். தொடரப்போகிறாரா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மேஜைமேல் அடுத்த பருவத்து ஆர்டர் தாள் கிடந்தது. பென்சிலால் அளவுகளுக்கு நேரே எண் போட்டுக்கொண்டிருந்தார். 27இல் எட்டு என்று எழுதியதை அழித்துவிட்டு, என் காலைக் குனிந்து ஒரு தடவை பார்த்தார்.

"உங்க பூட் இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமா?"

"தாங்கும்."

ஏழு என்று எழுதினார்.